பெட்டி பெட்டியாகக் கேட்டவள்

என் பேரன் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பான். முதல் பக்கத்தில் எந்தத் தலைபோகிற செய்தி இருந்தாலும் அவனுக்கு அக்கறை கிடையாது. படக்கதையைப் பார்ப்பான், சிரிப்பான், தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவான். அவன் அம்மாவும் இப்படித்தான் இருந்தாள். நான் அவளைத் திட்டினேன், அவள் இவனைத் திட்டுகிறாள். திட்டி முடித்த கையோடு நாங்கள் இருவரும் அதே பக்கத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறோம். மூன்று பெட்டி, நாலு கோடு, இரண்டு வரி வசனம். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த மூன்று பெட்டிக்காக விடியற்காலையில் காத்துக்கொண்டு நின்ற ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் அலுத்துப்போகிறது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் மலாயாவில் அவசரகாலம் நடந்த சமயம் அது. பெம்பானிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களையெல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். வாசல் ஒன்றே ஒன்று. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடிகிற நேரத்தில் அந்த வாசலில் வரிசையாக நின்று, உடம்பைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி, சர்க்கரை, கருவாடு, மருந்து எதுவும் போய்விடக்கூடாது என்று சட்டம். நாங்களும் மத்தியானம் திரும்பி வரும்வரை வெறும் தண்ணீரில்தான் ஓட்ட வேண்டும். ஆண்களைப் போலீஸ்காரர்கள் தடவிப் பார்த்தார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டுமே. அதற்காக அலோர் காஜா பக்கத்திலிருந்து சம்பளத்துக்கு வந்தவள் அவள்.

பெயரை யாரும் கேட்டுக்கொண்டதில்லை. முகத்துக்கு நேரே ‘அக்கா’ என்போம், அந்தப் பக்கம் போனதும் ‘தடவுறவ’ என்போம். எலும்பும் தோலுமான உடம்பு. யூகலிப்டஸ் தைல வாசனை. புருஷன் செத்துப்போனான் என்று சொன்னார்கள், ஓடிப்போனான் என்றும் சொன்னார்கள். வாசலை ஒட்டிய பலகை அறையில் தனியாக இருந்தாள். எங்கள் லயத்துக் கல்யாணம் காட்சி எதற்கும் அவளைக் கூப்பிட்டதில்லை. போலீஸ் சம்பளம் வாங்குகிறவளை யார் கூப்பிடுவார்கள்?

வேலை நடப்பது சாக்குத் தட்டி கட்டிய மறைப்புக்குள். உள்ளே அவளைத் தவிர இரண்டு பேர் நிற்கலாம், ஒருத்தி முடித்துப் போவதற்குள் அடுத்தவள் வந்துவிட வேண்டும். அவள் பக்கத்தில் எப்போதும் ஒரு பால் டின்னில் சுடுதண்ணீர் இருக்கும். அதில் கையைச் சுற்றிச் சூடு பண்ணிக்கொண்டுதான் எங்களைத் தொடுவாள். அந்தக் குளிரில் சில்லென்ற கை பட்டால் தூக்கிவாரிப் போடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தொடும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள், மேலே கூரைக் கழியைப் பார்ப்பாள். கொண்டை, கழுத்து, இடுப்பு, முழங்கால், கெண்டைக்கால், பிறகு வாளி. ஒருநாளும் வரிசை மாறாது, ஒருநாளும் ஓரிடத்தை விடமாட்டாள்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் இரண்டு துண்டு கருவாட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தாள். வாய்க்கு ருசியாக மரத்தடியில் சப்பிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்திருப்பாள், வேறென்ன? தடவுறவள் கை அங்கே போனது, எடுத்தது, போலீஸ் கோப்ரலைக் கூப்பிட்டது. அந்தப் பெண் போலீஸ் லோரியில் ஏறி ஜெயிலுக்குப் போனவள் திரும்பி வரச் சில மாதங்கள் ஆயின. மறுநாள் அந்தப் பெண்ணின் புருஷன் வாசலில் நின்று இவள் முகத்தில் துப்பினான். இவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“அடுத்த ஆளு வா,” என்றாள்.

படக்கதைக்கு இவள் வந்து சேர்ந்ததும் ஒரு சோதனையில்தான். ஒருத்தி வெற்றிலையைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். வெற்றிலைக்குத் தடையில்லை. இவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தாள், தாளைக் கொடுக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். வரிசை நகரவில்லை. தாளில் ஏதோ ரகசியம் எழுதியிருக்கிறது போல, இன்றைக்கு யார் தலையோ என்று நினைத்தோம்.

“இதுக்கு மூணாவது பெட்டி எங்க?” என்றாள். “ரெண்டுதான் இருக்கு. மிச்சம் கிழிஞ்சிருச்சு. என்னா ஆச்சுன்னு யாருக்காச்சும் தெரியுமா?”

எனக்குத் தெரியும். தோட்டப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் நான். டவுனிலிருந்து லோரியில் வரும் பத்திரிகை, எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து எங்கள் லயத்துக்கு வரும். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையிலிருந்து என் மகள் வந்து தூங்கிய பிறகு, அதில் படக்கதையைத்தான் முதலில் பார்ப்பேன். இரண்டு நாள் தங்குகிறேன் என்று மகள் வீட்டுக்கு வந்துவிட்டு, போகவே போகாத ஒரு மாமனாரின் கதை அது. மொட்டைத் தலை மாப்பிள்ளை தினமும் அவரை அனுப்ப ஒரு வழி பண்ணுவான். மூன்றாவது பெட்டியில் மாமனார் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மூலையில் ஒரு பூனை. இவ்வளவுதான் கதை, வருஷக்கணக்கில் இவ்வளவேதான்.

நான் சொன்னேன். அவள் மூக்கு வழியாக ஒரு மூச்சு விட்டாள். அதுதான் அவள் சிரிப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு அது தினசரிக் கடமையாகிவிட்டது. அவள் கை என் கொண்டைக்கு வரும்போது ஆரம்பிப்பேன், கெண்டைக்காலுக்கு வரும்போது முடியும். மொத்தமாகச் சொன்னால் பிடிக்காது. “பெட்டி பெட்டியா சொல்லு,” என்பாள். “நாக்காலி எந்தப் பக்கம் இருந்துச்சு? பூனை முழிச்சிருந்துச்சா, தூங்குச்சா?” என்பாள். பூனையைக் கவனிக்கவில்லை என்று சொன்னால், “என்னத்தப் படிச்ச?” என்று கேட்பாள். இந்தத் தொல்லையினால் நான் பூனையையும் பார்க்கப் பழகினேன். இன்றுவரை அந்தப் பழக்கம் போகவில்லை.

தட்டிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் காது இருக்கிறதே. மெல்ல மெல்ல வரிசை முழுவதும் கதை கேட்க ஆரம்பித்தது. பல் போன கிழவியும் சிரிப்பாள், அப்போதுதான் பேர் பதிந்து வாளி தூக்கிய பெண்ணும் சிரிப்பாள், இருவரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். வேறு எந்த விஷயத்திலும் அவர்களுக்கு ஒத்துப்போனதில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அப்போது சாலையில் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதே நிச்சயமில்லை. அந்த மாமனார் மட்டும் நாளைக்கும் கட்டாயம் இருப்பார். அவரை யாரும் சுடமாட்டார்கள், பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள், அவருக்கு வயதுகூட ஆகாது. அப்படி ஒருவர் எங்கேயாவது இருக்கிறார் என்பதே அந்த நேரத்தில் எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஒருமுறை பத்திரிகை வரவில்லை. வரிசையில் எல்லாரும் ஆவலாக நிற்கிறார்களே என்று நானே ஒன்றைக் கட்டிவிட்டேன். மாமனார் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார், தடுக்கி விழுகிறார், திரும்பி வருகிறார் என்று சொன்னேன். வெளியே சிரித்தார்கள். அவள் கை என் இடுப்பில் நின்றுவிட்டது.

“இது பேப்பர்ல வந்தது இல்ல,” என்றாள்.

“எப்படிச் சொல்றீங்க?”

“அவரு ஓடமாட்டாரு. உக்காந்த எடத்துலயே காரியத்தச் சாதிக்கிற ஆளு. நீ சொந்தமா விடாத. இல்லன்னா இல்லன்னு சொல்லு.”

இவ்வளவு ஆசைப்படுகிறாளே என்று பத்திரிகையில் படக்கதையை மட்டும் வெட்டிக் கொண்டுபோய் நீட்டினேன். தொடவே இல்லை. சோதனைக்கு வருகிறவர்களிடம் எதையும் வாங்கக்கூடாதாம். “கையில வாங்கமாட்டேன். காதுல வாங்கிக்கிறேன், போதும்,” என்றாள். நான் அதை மடித்து வாளிக்குள் போட்டுக்கொண்டேன். எனக்கு அவள்மேல் பயம் இருந்தது, கோபம் இருந்தது, அன்றைக்குப் பாசமும் வந்துவிட்டது. வரிசையில் நின்ற யாரிடமும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் உண்மையாகவே பல் தெரியச் சிரித்தது ஒரே ஒரு ஆளிடம்தான். தோட்டத்துக்கு அரிசியோடு பத்திரிகையையும் கொண்டுவரும் லோரிக்காரத் தம்பி. கிளேபாங் பக்கத்துப் பையன், வாய் ஓயாது. டவுனிலேயே படக்கதையைப் பார்த்துவிட்டு வருவான். வாசலில் லோரி நிற்கும்போது வேண்டுமென்றே கத்துவான்.

“அக்கா, மாமனாரு இன்னிக்கு என்னா செஞ்சாரு தெரியுமா லா?”

இவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பலகை அறைக்குள் ஓடுவாள். “சொல்லாதடா. காலையில கேட்டுக்கிறேன், சொல்லாத.” அவன் விடமாட்டான், ஹாரன் அடிப்பான். அந்த நேரத்தில் அவளைப் பார்த்தால் கருவாட்டுக்காரியைப் பிடித்துக் கொடுத்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இனிச் சொல்லவேண்டியது அந்தக் காலையைப் பற்றி. எனக்கு முன்னால் நின்றவள் எங்கள் லயத்துப் பெரியம்மா. உறவில்லை, வயதுக்கு அப்படிக் கூப்பிடுவோம். அவளுடைய ஒரே மகன் காட்டுக்குப் போய்விட்டான் என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கமாட்டோம். பெரியம்மா அன்று மெதுவாக நடந்து மறைப்புக்குள் போனாள். நான் பின்னாலேயே நுழைந்து நின்றேன். கொண்டை, கழுத்து, இடுப்பு, முழங்கால். கெண்டைக்காலுக்கு வந்த கை நின்றது. கைலிக்குள்ளே துணியில் சுற்றி ஏதோ கட்டியிருந்தாள் பெரியம்மா. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். கருவாட்டுக்கே சில மாதங்கள். மகனைக் காட்டில் வைத்துக்கொண்டு அரிசி கொண்டுபோகிறவளுக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

சத்தம் இல்லாமல் போனதால் வெளியே நின்ற மலாய்க்காரக் கோப்ரல், “ஆப்பா?” என்று, என்ன விஷயம் எனக் குரல் கொடுத்தான்.

அவள் கூரைக் கழியைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தோட்டத்துக்கே கேட்கிற மாதிரி, “நேத்து என்னா ஆச்சு? சொல்லு,” என்றாள்.

எப்படியோ சொன்னேன். முதல் பெட்டியில் மாமனார், நான் கிளம்புகிறேன், குடையைக் கொண்டா என்கிறார். மாப்பிள்ளை குதிக்கிறான். இரண்டாவது பெட்டியில் குடையை விரிக்கிறார். மூன்றாவது பெட்டியில் கூரை ஒழுகுகிறது, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே வரிசை கொல்லென்று சிரித்தது. சிரிப்பைக் கேட்டுக் கோப்ரலும் சிரித்துவிட்டான், அவனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. அந்தச் சிரிப்புக்குள் பெரியம்மா வாளியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

“பூனை?” என்று என்னைக் கேட்டாள் அவள். கை என் கொண்டையில் இருந்தது, சூடே இல்லை.

“நாக்காலிக்கு அடியில,” என்றேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அது நடந்தது. பெம்பான் சாலை வளைவில் எங்கள் அரிசி லோரியைக் காட்டிலிருந்தவர்கள் வழிமறித்துச் சுட்டார்கள். மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். லோரிக்காரத் தம்பி ஸ்டியரிங்மேல் சாய்ந்தபடியே செத்துப்போயிருந்தான். பத்திரிகைக் கட்டு அவன் பக்கத்திலேயே இருந்ததாம், அதை யாரும் எடுக்கவில்லை.

வேறு லோரி, வேறு ஆள், மறுபடியும் பத்திரிகை வர ஆரம்பித்தது. முதல் நாள் காலையில், அவள் மனம் கொஞ்சம் மாறட்டும் என்று நானாகவே ஆரம்பித்தேன். “அக்கா, முதல் பெட்டியில...”

“வேணாம்.”

“நல்லா இருக்குக்கா, மாப்பிள்ளை வந்து...”

“வேணாம்னு சொன்னேன்ல. எனக்கு இனிமே சொல்லாத.” கை நிற்காமல் வேலை செய்துகொண்டிருந்தது. குரலை இறக்கிச் சொன்னாள். “அந்தக் கெழவி கொண்டு போனதத் தின்ன கைதான் இவனச் சுட்டிருக்கும்.”

“ஒரு புடி அரிசியத் தின்னவன்தான் சுட்டான்னு யாரு சொன்னா உங்களுக்கு?”

“யாரும் சொல்லல. இல்லன்னும் யாரும் வந்து சொல்லலையே.”

அதன்பிறகு தட்டிக்குள் பேச்சே கிடையாது. முன்னைவிடக் கடுமையாகப் பார்த்தாள். கொண்டையை அவிழ்க்கச் சொன்னாள், வாளிக்குள் குச்சியை விட்டுத் துழாவினாள். பெரியம்மாவை இரண்டு தடவை தடவினாள். பெரியம்மா அப்புறம் எதையும் கொண்டுபோகவில்லை. அவள் மகன் காட்டிலேயே செத்துப்போனான், எப்போது, எங்கே என்று யாரும் வந்து சொல்லவில்லை. நான் வெளியே வரிசையில் மற்றவர்களுக்கு மாமனார் கதையைச் சொல்வேன். என் முறை வந்து நான் உள்ளே நுழையும்போது பாதியில் நிறுத்திக்கொள்வேன். எனக்கும் சலித்துப்போனது. விடிவதும் நிற்பதும் கையைத் தூக்குவதுமாக வருஷங்கள் போயின.

ஒருநாள் வேலியைப் பிரித்தார்கள். அவள் தகரப் பெட்டியோடு பஸ் ஏறியபோது வழியனுப்ப நான் மட்டும்தான் போனேன். தலையை அசைத்தாள், அவ்வளவுதான்.

பெரியம்மா படுக்கையில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். தட்டிக்குள் அவள் குரலை இறக்கிச் சொன்னதை அப்போதுதான் பெரியம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “அவளப் போயிப் பாரு. அன்னிக்கு நான் கட்டிக்கிட்டுப் போனது அரிசி இல்ல, சோறுன்னு சொல்லு. என் வயித்துக்குத்தான் கொண்டு போனேன், பசி தாங்கல, மரத்தடியில நானே தின்னுட்டேன்னு சொல்லு. பாவம், அவ அத மனசுல போட்டுக்கிட்டே திரியிறா.”

“நெசமாவா பெரியம்மா?”

“சொல்லுன்னா சொல்லேன்,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

விசாரித்துக்கொண்டு அலோர் காஜாவுக்குப் போனேன். ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் தங்கச்சி வீட்டில் இருந்தாள். முன்னறையில் தங்கச்சி பேரப்பிள்ளைகள் அன்றைய பத்திரிகையில் படக்கதைப் பக்கத்தைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பின்கட்டில் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. உட்கார் என்று பலகையைத் தள்ளினாள். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அது சோறுதான், பெரியம்மாவே தின்றாளாம், காட்டுக்கு ஒரு பருக்கைகூடப் போகவில்லையாம், சாகும்போது சொல்லச் சொன்னாள் என்று சொன்னேன். இதைக் கேட்டால் அவள் முகம் தெளியும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் கை நிற்கவில்லை. தலை ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது.

“நல்ல மனுசி,” என்றாள். “ஆனா அது அரிசி. என் கைக்குள்ள நறநறன்னுச்சு. சோறுன்னா மெத்துன்னு இருக்கும். அது தெரியாமலா அத்தன வருசம் அந்த வேலை பாத்தேன்?”

“அரிசின்னு தெரிஞ்சேதானக்கா விட்டீங்க,” என்றேன். “பெத்தவ மனசு உங்களுக்குப் புரிஞ்சிச்சு. அது பாவமா? நான் எத்தன பேருகிட்ட அதப் பெருமையா சொல்லியிருக்கேன் தெரியுமா?”

முன்னறையில் சண்டை ஓய்ந்து பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் எழுந்துபோய் நடுக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அவளுக்காக விடல,” என்றாள். “அன்னிக்கு எனக்கு அலுப்பா இருந்துச்சு. கூப்புட்டா கோப்ரல் வருவான். லோரியில ஏத்துவாங்க. அவ அழுவா. நான் கோர்ட்டுல போயி நிக்கணும், திரும்பி வந்தா ஒருத்தன் மூஞ்சியில துப்புவான். எல்லாத்தையும் நெனச்சேன், அலுப்பா இருந்துச்சு, விட்டுட்டேன். இரக்கப்பட்டு விட்டிருந்தா, தங்கச்சி, அந்த லோரிப் பையன் செத்ததையும் தாங்கியிருப்பேன்.”